சார்... லாகின் ஆகலை!

சிஸ்டம் மக்கர் பண்ணினா முதல் வைத்தியம் ரீஸ்டார்ட், கடைசி வைத்தியம் ஃபார்மட்... இப்படி நினைக்கிற கம்ப்யூட்டர் ஸ்டூடன்ட்டா நீங்க? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் பாஸ்!

2012. சென்னையைத் தாண்டினா தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் பவர்கட் ஆன வருஷம். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்ச கையோடு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம் அட்மின்'னு போட்டிருக்கும். நிஜத்தில் பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், சி.சி.டி.வி. தெரியலைன்னாலும் நான்தான். எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரே வாரத்தில் எல்லாத்தையும் 'ஹேண்ட்ஓவர்' பண்ணிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிட்டார். பாதி பாஸ்வேர்டும் அவரோடயே பஸ் ஏறிடுச்சுங்கிறது பிறகுதான் தெரிஞ்சது!

அன்னிக்கு தேதி 6. மறுநாள் சம்பளம். தையல் பிரிவில் மட்டும் நூத்துக்கணக்கான பெண்கள். மாதனூர், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போறவங்க. 7-ந் தேதின்னா அவங்க வீட்டில் மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், பிள்ளைங்க ஃபீஸ் எல்லாம் வாசலில் வந்து நிற்கிற நாள்.

மதியம் போன கரன்ட் நாலு மணிக்கு மேலதான் வந்தது. ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் அக்கா சிஸ்டத்தை ஆன் பண்ணினாங்க. கறுப்பு ஸ்கிரீனில் ஏதோ வந்து 'எஃப் 1 அழுத்து'ன்னு சொல்லுச்சாம். அழுத்தியிருக்காங்க. அப்புறம் பெயர், பாஸ்வேர்டு அடிச்சா... உள்ளே விடலை.

"தம்பி, லாகின் ஆகலைப்பா. அட்டெண்டன்ஸ் ஷீட் பூரா இதுலதான் இருக்கு. ராத்திரிக்குள்ள பேங்க் லிஸ்ட் போகணும்."

ஹீரோ மாதிரி போய் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு தப்பா இருக்கும்னு சர்வருக்கு ஓடி மாத்தினேன். ஊஹூம். கேபிளைப் பிடுங்கி வேற கேபிள் சொருகினேன். ஊஹூம். மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி பாஸ்வேர்டு... மணி ஏழு. மேனேஜர் சார் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிடுச்சு. கடைசியா பையிலிருந்து விண்டோஸ் சி.டி.யை எடுத்தேன். ஃபார்மட்!

அந்த சி.டி. உள்ளே போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அந்த மாச வருகைப் பதிவு மொத்தமும் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பேக்கப் கிடையாது.

அப்போ அக்கா மெதுவா ஸ்கிரீனைக் காட்டிக் கேட்டாங்க. "தம்பி, நான் அவ்வளவா படிக்கலை. இதுல டைம், டேட், டிஃபரன்ஸ்னு ஏதோ போட்டிருக்கே... அது என்ன?"

மூணு மணி நேரமா ஒவ்வொரு தடவையும் அந்த மெசேஜ் வந்துக்கிட்டேதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் படிக்காம 'ஓகே' கொடுத்துக்கிட்டேதான் இருந்தேன்!

ரீஸ்டார்ட் பண்ணி பயாஸுக்குள் போனேன். தேதி: 2002, ஜனவரி 1. சரியான தேதியும் மணியும் போட்டு சேவ் பண்ணினேன். அடுத்த ரெண்டாவது நிமிஷம் அக்கா உள்ளே போயிட்டாங்க. குற்றவாளி யார்? மதர்போர்டில் நாலணா சைஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு பட்டன் பேட்டரி. வாட்ச் கடையில் கிடைக்கிற 2032 பேட்டரிதான். கரன்ட் இருக்கிற வரைக்கும், கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் ப்ளக் வழியா வர்ற கொஞ்சூண்டு மின்சாரத்தில் உள்கடிகாரம் ஓடிக்கிட்டு இருக்கும். கரன்ட் போனா அந்த பேட்டரிதான் கதி. அது செத்திருந்தா கடிகாரம் பிறந்த தேதிக்கே போயிடும். அதைத்தான் அந்தக் கறுப்பு ஸ்கிரீன் 'எஃப் 1' அழுத்தச் சொல்லி நமக்குச் சொல்லியிருக்கு!

தேதி தப்பா இருந்தா லாகின் ஏன் ஆகக் கூடாது? இங்கேதான் மேட்டரே இருக்கு.

டொமைன்னா என்ன தலைவா?

உங்க வீட்டு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கு. கம்பெனியில் அப்படி வெச்சா கதை கந்தல். நூறு மெஷின், நூறு பேர், யார் எதைத் திறக்கலாம்னு ஒவ்வொரு மெஷினிலும் போய் எழுத முடியுமா? அதனால எல்லார் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே இடத்தில். அதுதான் டொமைன். அதைக் காவல் காக்கிற சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். மைக்ரோசாஃப்ட் இதுக்கு வெச்ச பேர் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது. இன்னிக்கும் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும், காலேஜ் லேப், ஆஸ்பத்திரி, தோல் கம்பெனின்னு எங்கே 'ஐ.டி. டிபார்ட்மென்ட்' போர்டு தொங்கினாலும் உள்ளே இது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதில் ஆள் அடையாளம் பார்க்கிற முறைக்குப் பேர் கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980-களில் 'அதீனா' திட்டத்துக்காக உருவாக்கினது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலக வாசலைக் காக்கிற மூணு தலை நாயோட பேர் அது!

நம்ம ஊர் பாஷையில் சொன்னா, கேட் பாஸ். காலையில் ஃபேக்டரி கேட்டில் உங்களை யாருன்னு பார்த்து ஒரு பாஸ் தர்றாங்க. அதைக் காட்டி ஸ்டோர், கட்டிங், கேன்டீன்னு போகலாம். ஒவ்வொரு வாசலிலும் மறுபடி பேர், ஊர் சொல்ல வேண்டியதில்லை. பாஸில் நேரம் போட்டிருக்கும். கெர்பரோஸ் தர்ற டிக்கெட்டும் அப்படித்தான். வழக்கமா 10 மணி நேரம் செல்லும். யாரோ ஒருத்தர் பழைய பாஸைத் திருடி வந்து காட்டக் கூடாதில்லையா? அதனால டிக்கெட் கேட்கிற மெஷினின் மணிக்கும் சர்வர் மணிக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா சந்தேகம். வாசல் மூடிடும். அக்கா மெஷினில் இருந்த வித்தியாசம் பத்து வருஷத்துக்கும் மேல!

அடுத்த தடவை யாராவது "சார், லாகின் ஆகலை"ன்னு வந்தா, கீபோர்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆறு கேள்வியைக் கேளுங்க.

1. ஒருத்தருக்கா... எல்லாருக்குமா?

எல்லாருக்கும் ஆகலைன்னா சர்வரையும் ஸ்விட்ச்சையும் பாருங்க. ஒருத்தருக்கு மட்டும்னா, அவரைப் பக்கத்து மெஷினில் லாகின் பண்ணச் சொல்லுங்க. அங்கேயும் ஆகலையா, கோளாறு அவர் அக்கவுண்ட்டில். அங்கே ஆகுதா, கோளாறு இந்த மெஷினில். அரை நிமிஷ வேலை. பாதி நோய் இதிலேயே பிடிபடும்.

2. மெசேஜ் என்ன சொல்லுது?

முழுசா, எழுத்து எழுத்தா படிங்க. மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. 'பெயர் அல்லது பாஸ்வேர்டு தப்பு'ன்னு வந்தா கேப்ஸ் லாக், நம் லாக் பாருங்க. கீழே எந்த டொமைனுக்குள் போகப் போறோம்னு காட்டும், அதையும் பாருங்க. டொமைன் பேருக்குப் பதிலா அந்த மெஷின் பேரே இருந்தா, நீங்க தட்டறது வேற வீட்டுக் கதவு! பாஸ்வேர்டு எவ்வளவு சரியா இருந்தாலும் திறக்காது. டொமைன் பேர், பேக் ஸ்லாஷ், அப்புறம் யூசர் பேர்னு அடிச்சுப் பாருங்க.

3. சர்வர் கண்ணுக்குத் தெரியுதா?

'லாகின் சர்வர் எதுவும் கிடைக்கலை'ன்னு மெசேஜ் வந்தா வழி அடைபட்டிருக்குன்னு அர்த்தம். கேபிள், வைஃபை பார்த்த பிறகு, லாகின் ஆகிற ஒரு லோக்கல் அக்கவுண்ட்டில் போய் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்' கொடுங்க. ஐ.பி. 169.254-ல ஆரம்பிச்சா மெஷினுக்கு முகவரியே கிடைக்கலை. அது சரியா இருந்தா டி.என்.எஸ். வரியைப் பாருங்க. நிறைய பேர் கோட்டை விடறது இங்கேதான். நெட் ஸ்லோவா இருக்குன்னு யாராவது 8.8.8.8-னு மாத்தியிருப்பாங்க. இன்டர்நெட் பறக்கும், யூடியூப் ஓடும், டொமைன் மட்டும் வராது! ஏன்னா உங்க கம்பெனி டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்குன்னு கூகுளின் டி.என்.எஸ்.க்கு எப்படித் தெரியும்? அங்கே உள்ளூர் டி.என்.எஸ். சர்வர் முகவரிதான் இருக்கணும்.

ஒரு துப்பு: நேத்து வரைக்கும் அந்த மெஷினில் வேலை பார்த்தவர் உள்ளே போறார், புதுசா வந்தவரால் மட்டும் முடியலை. என்ன அர்த்தம்? விண்டோஸ் கடைசியா வந்த 10 பேரோட அடையாளத்தை மறைகுறியா ஞாபகம் வெச்சிருக்கும். சர்வர் இல்லாட்டியும் பழைய ஆளை உள்ளே விடும். புது ஆளைத் தெரியாது. அதனால சர்வருக்குப் போற வழியைத்தான் சந்தேகப்படணும்.

4. மணி என்ன?

நம்ம கதை! தேதி, மணி மட்டுமில்லை, டைம் ஸோனையும் பாருங்க. மணி சரியா 4.30-னு காட்டும், ஆனா ஸோன் வேற நாடா இருக்கும். உள்ளுக்குள் கணக்கு உலகப் பொது நேரத்தில்தான் நடக்கும். அதனால பார்க்கச் சரியா இருக்கிற கடிகாரமே தப்பான கடிகாரமாகிடும். டொமைனில் இருக்கிற மெஷின்கள் டொமைன் கன்ட்ரோலரைப் பார்த்துத்தான் மணியைச் சரி பண்ணிக்கும். அந்த சர்வர் மணியே தப்புன்னா மொத்த ஆபீஸும் தப்பு!

5. மெஷின் மேல நம்பிக்கை இருக்கா?

'இந்த மெஷினுக்கும் டொமைனுக்கும் நம்பிக்கை உறவு முறிஞ்சிடுச்சு'ன்னு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வரும். சீரியல் வசனம் மாதிரி இருந்தாலும் விஷயம் சிம்பிள். உங்களுக்கு இருக்கிற மாதிரி ஒவ்வொரு மெஷினுக்கும் டொமைனில் ஒரு ரகசியப் பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒரு தடவை மெஷின் தானே அதை மாத்திக்கும். நீங்க பழைய பேக்கப் இமேஜையோ, வி.எம். ஸ்னாப்ஷாட்டையோ திருப்பிப் போட்டா மெஷின் கையில் பழைய பாஸ்வேர்டு, சர்வர் கையில் புதுசு. காலேஜ் லேப்பில் ஒரே இமேஜை நாற்பது மெஷினில் போட்டு, ரெண்டுக்கு ஒரே பேர் வெச்சாலும் இதே கூத்துதான். ரெண்டாவது டொமைனில் சேர்ந்ததும் முதலாவது வெளியே தள்ளப்படும்.

வைத்தியம் ரெண்டு. லோக்கல் அட்மினா உள்ளே போய், பவர்ஷெல்லில் 'டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல்' கட்டளையை 'ரிப்பேர்' ஆப்ஷனோடு, டொமைன் அட்மின் பெயரில் கொடுக்கலாம். இல்லைன்னா டொமைனிலிருந்து விலகி மறுபடி சேரலாம். ஆனா விலகறதுக்கு முன்னாடி லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு வேலை செய்யுதான்னு பார்த்தே ஆகணும். தெரியாம விலகினா சாவியை உள்ளே வெச்சுப் பூட்டின கதைதான். இன்னொண்ணு... 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, அதே பேரில் பழைய கணக்கு இருந்தா, அதை உருவாக்கினவரோ அனுமதி உள்ளவரோ தவிர மத்தவங்க மறுபடி சேர்க்க முடியாம விண்டோஸ் தடுக்கும். பயந்துடாதீங்க, அது பாதுகாப்புக்காக.

6. கணக்கு பூட்டிக்கிச்சா?

தப்பான பாஸ்வேர்டைப் பல தடவை அடிச்சா அக்கவுண்ட் லாக் ஆகிற மாதிரி கம்பெனிகள் வெச்சிருக்கும். திறந்து விட்டாலும் பத்து நிமிஷத்தில் மறுபடி லாக் ஆகுதா? ஆள் மேல தப்பில்லை. பாஸ்வேர்டை மாத்தினப்போ மொபைல் மெயிலில் மாத்த மறந்திருப்பார். இல்லைன்னா வேற ஒரு மெஷினில் பழைய பாஸ்வேர்டோடு லாகின் ஆகி அப்படியே விட்டிருப்பார். டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740-ங்கிற எண்ணைத் தேடுங்க. எந்த மெஷினிலிருந்து தப்பான முயற்சி வருதுன்னு அதில் பேரே இருக்கும்.

அன்னிக்கு எனக்குத் தெரியாத ஒரு ட்ரிக்கும் சொல்லிடறேன். அக்கா மெஷினில் நெட்வொர்க் கேபிளைக் கழட்டிட்டு, பழைய பாஸ்வேர்டில் முயற்சி பண்ணியிருந்தா உள்ளே போயிருக்கலாம்! சர்வரே கண்ணில் படலைன்னா ஞாபகத்தில் இருக்கிற அடையாளத்தை வெச்சு விண்டோஸ் கதவைத் திறக்கும். அஞ்சு நிமிஷத்தில் ஷீட்டை ஒரு பென் டிரைவுக்கு எடுத்திருக்கலாம். நான் கேபிளை மாத்தினேனே தவிர, கழட்டிட்டு முயற்சி பண்ணலை. அதுவுமில்லாம பாஸ்வேர்டை சர்வரில் மாத்தி, அக்காவுக்குப் பழைய பாஸ்வேர்டையே மறக்கச் சொல்லிட்டேன். என்னத்தைச் சொல்ல!

பவர்கட் காப்பாத்தின கம்பெனி!

பவர்கட்டைத் திட்டித் தீர்த்தாச்சு. அதே பவர்கட் ஒரு உலகக் கம்பெனியைக் காப்பாத்தின கதை தெரியுமா?

2017 ஜூன் 27. 'நாட்பெட்யா'ங்கிற வைரஸ் உலகம் முழுக்கப் பாய்ந்தது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி படுத்தே விட்டது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவங்க நடத்தின டெர்மினலிலும் வேலை ஸ்தம்பிச்சுப் போச்சு. தோலும் ஷூவும் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பற நம்ம ஊர்க்காரங்களுக்கு, கப்பல் நின்னா என்ன ஆகும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

மெர்ஸ்க்கிடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒண்ணு போனா இன்னொண்ணு கொடுக்கும்னு எல்லாமே ஒண்ணை ஒண்ணு காப்பி பண்ணிக்கிற ஏற்பாடு. ஆனா எல்லாமே ஒரே நேரத்தில் போகும்னு யாரும் நினைச்சுப் பார்க்கலை. டொமைன் இல்லைன்னா யார் யாருன்னே தெரியாது. மத்த சர்வர்களின் பேக்கப் இருந்தும் பிரயோஜனம் இல்லை. உலகம் முழுக்கத் தேடினதில் ஒண்ணே ஒண்ணு மட்டும் உயிரோட கிடைச்சது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டில். வைரஸ் வந்த நேரத்தில் அங்கே பவர்கட்! சர்வர் நெட்வொர்க்கிலேயே இல்லை. அங்கிருந்து இணையத்தில் அனுப்ப வேகம் பத்தலை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. அதனால ஒருத்தர் நைஜீரியாவுக்குப் பறந்து, ஏர்போர்ட்டில் இன்னொருத்தர் கையில் ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டு போனார். அதை வெச்சுத்தான் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைப் பத்து நாளில் மறுபடி எழுப்பினாங்க.

ஒரு டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப்பாவது நெட்வொர்க்கில் சேராம தனியா இருக்கணும். இந்தக் கதை சொல்ற பாடம் அதுதான்.

சில சமயம் தப்பு நம்ம பக்கம் இருக்கவே இருக்காது. 2022 நவம்பர் 8-ந் தேதி மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட்டே டொமைன் கன்ட்ரோலர்களில் கெர்பரோஸைக் குழப்பிடுச்சு. பல கம்பெனிகளில் லாகின் தகராறு. நவம்பர் 17-ல்தான் சரி பண்ற அவசர அப்டேட் வந்தது. அதனால ஆறு கேள்விக்கும் விடை கிடைக்கலைன்னா ஏழாவதா ஒண்ணு கேளுங்க: 'நேத்து ராத்திரி என்ன மாத்தினோம்?'

ஹாஸ்டல் ரூமிலேயே ஒரு கம்பெனி!

இதெல்லாம் சிலபஸில் இல்லையேன்னு புலம்ப வேண்டாம். வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு இந்த ரூட்டில் படிக்கிற எந்த ஸ்டூடன்ட்டும் ரூமிலேயே பழகலாம். ஓரளவு நல்ல லேப்டாப் இருந்தா போதும். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைக்கு மைக்ரோசாஃப்ட்டே தருது. 2012-ல வந்த சாம்பா 4-ஐ லினக்ஸில் போட்டும் டொமைன் கன்ட்ரோலர் உருவாக்கலாம், அது முழுசா இலவசம். கிளையன்ட்டா போடற விண்டோஸ் மட்டும் 'ஹோம்' எடிஷனா இருக்கக் கூடாது. அதை டொமைனில் சேர்க்கவே முடியாது.

செட் பண்ணினதும் நீங்களே கெடுங்க! டி.என்.எஸ்.ஸை மாத்துங்க. கடிகாரத்தைப் பின்னாடி தள்ளுங்க. பழைய ஸ்னாப்ஷாட்டைத் திருப்பிப் போடுங்க. என்ன மெசேஜ் வருதுன்னு ஒரு நோட்டில் எழுதுங்க. ஹெல்ப் டெஸ்க் இன்டர்வியூவில் 'யூசர் லாகின் ஆகலை, என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டா, மத்தவங்க "பாஸ்வேர்டு ரீசெட் சார்"னு சொல்வாங்க. நீங்க "ஒருத்தருக்கா சார், எல்லாருக்குமா?"ன்னு திருப்பிக் கேளுங்க. எதிரில் இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்!

சரி, 7-ந் தேதி என்னாச்சு? ராத்திரி பத்தரைக்கு பேங்க் லிஸ்ட் ரெடி. மறுநாள் எல்லாருக்கும் சம்பளம் போயிடுச்சு. காலையில் முதல் வேலையா பஜாருக்குப் போய் அஞ்சு பேட்டரி வாங்கினேன். அட்டெண்டன்ஸ் ஷீட்டை சர்வரில் காப்பி எடுக்க வழி பண்ணினேன். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை எல்லாம் புதுசா மாத்தி, எழுதி, கவரில் சீல் வெச்சு மேனேஜர் சார் லாக்கரில் கொடுத்தேன். அவர் "என்ன தம்பி கோளாறு?"ன்னு கேட்டார். "பேட்டரி சார்"னு சொன்னேன்.

பின்னாடி நின்ன அக்கா சிரிச்சுட்டு எதுவும் சொல்லாம போயிட்டாங்க. கோளாறு பேட்டரியில் மட்டும் இல்லைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இன்னிக்கும் எந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்தாலும், முதல்ல மெசேஜை வாய் விட்டுப் படிச்சுட்டுத்தான் கை வைக்கிறேன்.

நீங்க எப்படி?